ஓரத்து நாற்காலி

எங்கே போனாலும் அவர் ஓரத்தில்தான் உட்காருவார். அலுவலகக் கூட்டம் என்றால் கடைசி வரிசை, கதவுப் பக்கம். பஸ் என்றால் படிக்கட்டுக்குப் பக்கத்து இருக்கை. கல்யாணப் பந்தி என்றால் வரிசையின் கடைசி இலை. அந்த இலையில் உட்காருவதற்கு முன்னால் மண்டபத்தை ஒரு சுற்று சுற்றி வந்துவிடுவார். அலங்காரத்தைப் பார்க்க அல்ல.

சேலையூரிலிருந்து தாம்பரம் வரை எந்தத் துணிக்கடையில் கழிவறை உண்டு, எந்த ஓட்டலில் காபியாவது குடித்தால்தான் உள்ளே விடுவார்கள், எந்த பெட்ரோல் பங்கில் கழிவறை இருந்தும் தண்ணீர் வராது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். எனக்கு விடுப்பு விதிகள் மனப்பாடமாக இருந்த மாதிரி.

"வழி தெரியுமான்னுதான் சார் எல்லாரும் கேப்பாங்க. வழியில என்ன இருக்குன்னு யாரும் கேக்க மாட்டாங்க" என்பார். பல வருடம் அதை வெறும் வேடிக்கைப் பேச்சு என்றுதான் நினைத்தேன்.

நான் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். சுருக்கமாக சூப்பிரண்டு. தாம்பரத்தில் ஒரு பழைய வாடகைக் கட்டடத்தின் முதல் மாடியில் அலுவலகம். யார் எப்போது வந்தார், எப்போது போனார், ஏன் வரவில்லை என்று கேட்பது என் பிரிவின் வேலை. ஓரத்தில் உட்காரும் அவர் என் பிரிவில் உதவியாளர். நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். ராஜகீழ்ப்பாக்கத்தில் வீடு, பள்ளிக்கூட ஆசிரியரான கணவர், ஒரு மகன். அவர் எழுதி அனுப்பும் குறிப்பில் திருத்துவதற்கு எனக்கு ஒன்றும் கிடைக்காது. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தமும் உண்டு.

எங்கள் அலுவலகத்தில் பெண்கள் ஏழு பேர். அவர்களுக்குக் கழிவறை ஒன்று. கீழ்த்தளத்துக் கடைக்காரர்கள் வந்து போகிறார்கள் என்று எனக்கு முன்னால் இருந்த சூப்பிரண்டு அதற்குப் பூட்டுப் போட்டுவிட்டார். சாவி என் நாற்காலிக்குப் பின்னால் ஓர் ஆணியில் தொங்கும். தொலைந்துபோகக் கூடாது என்று அதை அரையடி மரக்கட்டையில் கட்டி, கட்டையில் வெள்ளை பெயின்ட்டால் 'மகளிர்' என்று எழுதியிருந்தார்கள். ஆக, போக வேண்டியவர் பிரிவில் உள்ள எல்லார் கண்ணுக்கும் எதிரே நடந்து வந்து, என் தலைக்குப் பின்னால் கை நீட்டி, அந்தக் கட்டையை எடுத்துக்கொண்டு நடந்து போக வேண்டும். இந்த ஏற்பாட்டில் ஏதாவது குறை இருப்பதாக எனக்கு அன்று தோன்றவில்லை. சாவிக்கு ஒரு பதிவேடு போடாமல் விட்டுவிட்டோமே என்றுதான் தோன்றியது.

அவர் ஒரு ஃபைலோடு வருவார். கட்டையை எடுத்ததும் ஃபைலுக்கு அடியில் மறைத்துக்கொள்வார். கட்டையின் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டு மூன்று வாரம் மற்றவர்களைப் போலவே காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை. பிறகு சில நாட்கள் வரும். பத்தரைக்கு ஒரு தடவை, பத்து ஐம்பதுக்கு ஒரு தடவை, பதினொன்றேகாலுக்கு ஒரு தடவை. முகம் வெளுத்திருக்கும். அந்த நாட்களில்தான் காலையில் தாமதமும் வரும்.

"பஸ் லேட் சார்."

"உங்க பஸ் மட்டும் மாசாமாசம் லேட்டாகுதே மேடம்?"

தாமத வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார். மூன்று தாமதத்துக்கு ஒரு நாள் தற்செயல் விடுப்பு கழியும். நான் ஒன்றைக்கூட விட்டதில்லை.

அப்போது புது அதிகாரி ஒருவர் வந்தார். இளைஞர். வந்த வேகத்தில் எதையாவது சரிசெய்துவிட வேண்டும் என்ற துடிப்பு. ஒரு நாள் பத்து மணிக் கூட்டத்தின் நடுவே இவர் எழுந்து, ஓரத்து நாற்காலியிலிருந்து சத்தமில்லாமல் வெளியே போய்விட்டார். அதிகாரி என்னைப் பார்த்தார்.

"இந்த மேடம் என்ன சார், நெனச்சா எழுந்து போறாங்க? ஒரு ஸ்டேட்மென்ட் எடுங்க."

எடுத்தேன். வருகைப் பதிவேடு, அனுமதிச் சீட்டுகள், விடுப்பு விண்ணப்பங்கள் மூன்றையும் மேஜையில் பரப்பிக்கொண்டு, பதினான்கு மாதங்களுக்கு ஓர் அட்டவணை தயாரித்தேன். தேதி, கிழமை, எத்தனை நிமிடத் தாமதம் அல்லது அனுமதி அல்லது அரைநாள் விடுப்பு, தெரிவித்த காரணம் என்று நான்கு பத்தி. காரணப் பத்தியில் பஸ் தாமதம், மகனுக்குக் காய்ச்சல், பஸ் தாமதம், உறவினர் வருகை, மழை. அந்த மழை பெய்தது ஒரு மே மாதம். அதற்கு அடிக்கோடிட்டேன். என் வேலைக் காலத்தில் நான் செய்த நேர்த்தியான அட்டவணைகளில் அது ஒன்று என்று இன்றும் சொல்வேன்.

தேதிகளை வரிசைப்படுத்தியபோது ஒன்று கண்ணில் பட்டது. அவை சிதறிக் கிடக்கவில்லை. மூன்றும் நான்குமாகக் கொத்துக் கொத்தாக வந்தன. ஒரு கொத்துக்கும் அடுத்த கொத்துக்கும் நடுவே இருபத்தேழு நாள், இருபத்தொன்பது நாள், மறுபடி இருபத்தெட்டு. கல்யாணமாகி முப்பது வருடமான, இரண்டு பெண்களைப் பெற்ற மனிதன் இந்த எண்களைப் பார்த்ததும் எதையாவது யோசித்திருக்க வேண்டும். நான் யோசித்தேன். யோசித்து, அதிகாரி அவருக்குக் கொடுக்கச் சொன்ன மெமோவில், அதாவது குற்றச்சாட்டுக் குறிப்பாணையில், இப்படி எழுதினேன்: "சீரான கால இடைவெளியில், முன்கூட்டியே திட்டமிட்டு, பணிக்குத் தாமதமாக வருவதையும் பணியிடத்தைவிட்டு நீங்குவதையும் வழக்கமாகக் கொண்டுள்ளார்."

விதி 17(அ)வின் கீழ் குற்றச்சாட்டு. இணைப்பு ஒன்று, குற்றச்சாட்டு விவரம். இணைப்பு இரண்டு, என் அட்டவணை. பதில் தரப் பதினைந்து நாள்.

இந்த விதியின் கீழ் யாருக்கும் வேலை போகாது. ஆனால் அந்த வருடம் சூப்பிரண்டு பதவி உயர்வுப் பட்டியலில் அவர் பெயர் வர வேண்டியிருந்தது. பட்டியலுக்கு உரிய தேதியில் குற்றச்சாட்டு நிலுவையில் இருந்தால் பெயரைத் தள்ளிவைத்துவிடுவார்கள். ஒரு தடவை தள்ளினால் பின்னால் இருப்பவர்கள் முன்னால் போய் உட்கார்ந்துவிடுவார்கள். பதினெட்டு வருடம் அவர் அதற்காகக் காத்திருந்தார். பட்டியல் தேதிக்கு ஒன்றரை மாதம் இருந்தது. இதெல்லாம் எனக்குத் தெரிந்துதான் குறிப்பாணை போனது.

முதல் பதில் ஒரே வரியில் வந்தது. 'உடல்நிலை காரணமாக.'

அவரைக் கூப்பிட்டேன். பிரிவில் எல்லாரும் இருந்தார்கள்.

"இது என்ன மேடம், பொத்தாம்பொதுவா? உடல்நிலைன்னா என்ன உடல்நிலை? தலையா, காலா?"

"வயிறு சார்" என்றார், மெதுவாக.

"வயிறு எல்லாருக்கும்தான் இருக்கு."

பிரிவு சிரித்தது. நான் சொன்ன நகைச்சுவைக்கு ஊழியர்கள் சிரிப்பது வழக்கம்தான். ஆனால் அன்று சிரிக்காத ஒருவர் இருந்தார். எங்களுக்கு டீ வாங்கி வந்து, ஃபைல் தூக்கும் கடைநிலை ஊழியர், முடிச்சூர்க்கார அம்மா. டீ டம்ளரை என் மேஜையில் தேவைக்கு மேல் சத்தமாக வைத்தார்.

"உனுக்கு இன்னா சார், உங்க பாத்ரூமுக்குப் பூட்டே கெடையாது" என்றார்.

டீயைக் குடித்தேன்.

ஒரு வாரம் கழித்து அவர் இணைப்பு இரண்டோடு வந்து நின்றார்.

"சார், இதுக்கு ஒரு உண்மை நகல் வேணும். சீல் போட்டு, கையெழுத்துப் போட்டுத் தாங்க. உங்க இனிஷியல் ஜெராக்ஸ்ல சரியா விழல."

"எதுக்கு மேடம்? கோர்ட்டுக்கா?"

"இல்ல சார். டாக்டருக்கு."

என்னைக் கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். அதிகாரியிடம் சொன்னேன். "கோர்ட்டுக்குத்தான் சார் போறாங்க, ஜாக்கிரதையா இருங்க" என்றார் அவர். ஆனால் கேட்கும் ஆவணத்தின் நகலைத் தர வேண்டும் என்பது விதி. 'உண்மை நகல்' முத்திரையைக் குத்தி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

நடந்தது என்ன என்பதைப் பிறகு அவரே சொன்னார்.

குறிப்பாணையை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமையலறையில் வைத்துப் படித்திருக்கிறார். அங்கே ஒரு மாதக் காலண்டர் தொங்கும். கேஸ் சிலிண்டர் வந்த நாள், கரன்ட் பில் கட்டின நாள், அவருடைய தேதி எல்லாம் அதில்தான். அவருடைய தேதிக்கு ஒரு வட்டம். 'சீரான கால இடைவெளியில்' என்ற என் வரியைப் படித்ததும் கண் தானாகக் காலண்டருக்குப் போயிருக்கிறது. இந்த வருடத்து வட்டங்களைச் சரிபார்த்துவிட்டார். போன வருடத்துக் காலண்டர் அலமாரியில் மளிகை டப்பாக்களுக்கு அடியில் விரித்திருந்தது. துவரம் பருப்பு, உளுந்து, மிளகாய்த்தூள் எல்லாவற்றையும் தரையில் இறக்கிவைத்துவிட்டு, அந்தத் தாள்களை உருவி எடுத்திருக்கிறார்.

"ஒவ்வொரு கொத்தும் வட்டத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி ஆரம்பிக்குது சார். வட்டத்துக்கு மறுநாள் முடியுது. பதினாலு மாசமும் அப்படியே. ஒண்ணுகூடத் தப்பல."

"அதுவரைக்கும் உங்களுக்குத் தெரியாதா?"

"தீட்டு நாள்ல வயித்துவலி இருக்கும்னு தெரியும். எல்லாருக்கும் இருக்கறதுதானேன்னு விட்டுட்டேன். இந்த அவஸ்தை வேற ஏதோன்னு நெனச்சேன். சாப்பாடுன்னு நெனச்சேன். பால விட்டேன், பருப்ப விட்டேன், வெளியில ஒரு வாய் சாப்பிடல. வீட்டுக்காரர் கேம்ப் ரோட்டுப் பானிபூரிதான் காரணம்னு சொல்லுவாரு. நான் அத சாப்பிட்டே மூணு வருஷமாச்சு."

மருத்துவர்களும் ஒரு சுற்று ஆகியிருந்தது. ஒருவர் பூச்சி மாத்திரை கொடுத்தார். ஒருவர் டென்ஷனைக் குறைத்துக்கொள்ளச் சொன்னார். "வயித்து டாக்டர் என் தேதியக் கேக்கல. லேடி டாக்டர் என் வயித்தக் கேக்கல. இது உங்க செக்‌ஷன், அது அவங்க செக்‌ஷன்னு ஃபைல் நடுவுல கெடந்தது சார்."

இந்த உவமை எனக்குப் புரிந்தது. அப்படிப்பட்ட ஃபைல்களோடு வாழ்ந்தவன்.

புது டாக்டர் ஒரு பெண். குடல் நோய் நிபுணர். இவர் டாக்டரின் மேஜையில் இரண்டு வருடக் காலண்டர் தாள்களையும் என் அட்டவணையையும் வைத்திருக்கிறார். டாக்டர் முத்திரையைப் பார்த்துவிட்டுச் சிரித்திருக்கிறார்.

"இவ்ளோ சுத்தமா டைரி எழுதின பேஷன்ட்ட நான் பாத்ததே இல்லம்மா."

"நான் எழுதல மேடம். எங்க சூப்பிரண்டு எழுதினாரு."

ரத்தம், மலம், ஸ்கேன் எல்லாம் பார்த்து, கர்ப்பப்பைப் பக்கம் வேறு கோளாறு இல்லை என்றும் உறுதி செய்துகொண்ட பிறகு டாக்டர் விளக்கியிருக்கிறார். இவருக்கு இருப்பது எரிச்சல் மிகு குடல். பரிசோதனையில் புண்ணோ கட்டியோ எதுவும் தெரியாது. ஆனால் குடல் சின்ன விஷயத்துக்கும் முறுக்கிக்கொள்ளும். மாதவிடாய் நெருங்கும்போது உடம்பில் ஹார்மோன்கள் இறங்கும். கர்ப்பப்பையைச் சுருங்க வைப்பதற்காக உடம்பு சுரக்கும் பொருள் பக்கத்தில் இருக்கும் குடலையும் முடுக்கிவிடும். பல பெண்களுக்கு அந்த நாட்களில் வயிறு கொஞ்சம் இளகத்தான் செய்யும். ஏற்கெனவே முறுக்கிக்கொள்கிற குடல் என்றால் கேட்க வேண்டாம். வலி, உப்புசம், ஓட்டம் எல்லாம் சேர்ந்து வரும். எல்லாருக்கும் இப்படி ஆகாது, இவருக்கு ஆகிறது. கற்பனையும் இல்லை, சாக்கும் இல்லை.

"அந்தக் கடைசி வரிய அவங்க சொன்னப்ப அழுதுட்டேன் சார். அது வரைக்கும் எனக்கே சந்தேகம் இருந்தது" என்றார்.

டாக்டரின் சான்றிதழோடு இரண்டாவது பதில் வந்தது. கூடவே காலண்டர் தாள்களின் நகல், அதோடு என் அட்டவணை. நான் குற்றத்துக்கு இணைத்ததை அவர் பதிலுக்கு இணைத்திருந்தார். 'மே மாதத்தில் மழை என்று எழுதியது பொய். மற்ற காரணங்களிலும் பல பொய். உண்மையை எழுதப் படிவத்தில் இடம் இருந்தது, அலுவலகத்தில் இல்லை' என்று கடைசிப் பத்தியில் எழுதியிருந்தார். இந்தத் தடவையும் திருத்த ஒன்றுமில்லை.

பட்டியல் தேதிக்குப் பத்து நாள் இருந்தது. ஃபைலை எடுத்துக்கொண்டு அதிகாரியிடம் போனேன். குற்றச்சாட்டைக் கைவிடலாம் என்பதில் அவருக்கு ஆட்சேபணை இல்லை. ஆட்சேபணை ஒரு சொல்லில்தான்.

"மாதவிடாய்னு ஃபைல்ல எழுதறதா சார்? மேல போற ஃபைல். 'பெண்களுக்கே உரிய உடல் உபாதை'ன்னு போட்டுடுங்களேன்."

எனக்கும் அது நாகரிகமாகத்தான் பட்டது. அப்படியே குறிப்பு எழுதினேன். ஒரு தகவலுக்காக அவரைக் கூப்பிட்டபோது, மேஜையில் விரிந்திருந்த குறிப்பைத் தலைகீழாகவே படித்துவிட்டார். இத்தனை வருடம் என்னிடம் வேலை பார்த்தவருக்கு அது பெரிய வித்தை இல்லை.

"சார், குற்றச்சாட்டு எழுதினப்ப தேதி, கிழமை, நிமிஷம் எல்லாம் எழுதினீங்க. இப்ப மட்டும் ஏன் சார் பொத்தாம்பொதுவா?"

நான் குறிப்பை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"இப்படிப் போட்டா அடுத்து வர்ற சூப்பிரண்டு, என்ன உபாதைன்னு என்னைக் கூப்பிட்டுக் கேப்பாரு. மறுபடியும் எல்லார் முன்னாடியும் நிக்கணும். பேரு இருக்குல்ல சார், எழுதுங்க."

தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். 'மாதவிடாய்ச் சுழற்சியை ஒட்டித் தீவிரமடையும் எரிச்சல் மிகு குடல்.' அரசாங்க ஃபைலில் அந்தச் சொல்லை நான் எழுதியது அதுதான் முதல் தடவை. கை ஒன்றும் அழுகிவிடவில்லை. அதிகாரி இரண்டு தடவை படித்தார், பேனாவை மூடினார், திறந்தார், கையெழுத்துப் போட்டார். 'மேல் நடவடிக்கை கைவிடப்படுகிறது' என்ற ஆணை, பட்டியல் தேதிக்கு நான்கு நாள் முன்னால் அவர் கைக்குப் போனது.

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. வருத்தம் தெரிவிக்க எங்கள் துறையில் படிவம் கிடையாது. அதற்குப் பதிலாக, தாம்பரம் மார்க்கெட்டில் அந்தப் பூட்டுக்கு ஒரு கள்ளச்சாவி போட்டு, கவரில் வைத்து அவரிடம் கொடுத்தேன். பிரித்துப் பார்த்தார்.

"எனக்கு மட்டும் எதுக்கு சார்? மத்த ஆறு பேர் கட்டையத் தூக்கிட்டு நடக்கறதுக்கா? பூட்ட எடுத்துடுங்க."

"கீழ்க் கடைக்காரங்க வருவாங்களே மேடம்?"

முடிச்சூர் அம்மா நடுவில் வந்தார். "வந்தா நான் பாத்துக்கறேன் சார். எவன் வரான்னு பாக்கறேன்."

மறுநாள் பூட்டு எடுக்கப்பட்டது. யாரும் வரவில்லை. மரக்கட்டை என் மேஜையில் பேப்பர் வெயிட்டாக நான் ஓய்வு பெறும்வரை இருந்தது.

அதன் பிறகு அவர் முற்றிலும் குணமாகிவிட்டார் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. டாக்டர் சொன்னபடி, வட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் மாத்திரை தொடங்குவார். அந்த நாட்களில் காபி, காரம், பொரித்தது எல்லாம் தள்ளி. சில மாதம் சும்மா போகும். சில மாதம் பழையபடி படுத்தும். அனுமதிச் சீட்டில் காரணப் பத்தியில் 'வயிறு' என்று மட்டும் எழுதுவார். நான் கேள்வி கேட்காமல் ஒப்பம் வைப்பேன்.

"இப்பவும் வருது சார். ஆனா முன்னாடி சொல்லாம வரும். இப்ப சொல்லிட்டு வருது" என்றார் ஒரு நாள்.

ராஜகீழ்ப்பாக்கத்துக்கு வருவதற்கு முன் அவரும் முடிச்சூரில் குடியிருந்த காலத்தைப் பற்றி அப்போதுதான் சொன்னார். பெருவெள்ளத்தில் கீழ்வீடு முழுகி, மூன்று குடும்பம் ஒரே மொட்டை மாடியில் இரண்டு நாள். சுற்றிலும் கழுத்தளவு தண்ணீர், போக ஓர் இடமில்லை. அவருக்கு அது அந்தத் தேதி. "சாமான் போச்சு, வண்டி போச்சு, அதெல்லாம் மறந்துட்டேன் சார். அந்த ரெண்டு நாள மட்டும் மறக்க முடியல" என்றார். 'ஏன் ஓரத்தில் உட்காருகிறீர்கள்?' என்று அதற்குப் பிறகு அவரை யாரும் கேட்க நான் விட்டதில்லை.

போன மாதம் சேலையூரில் ஒரு கல்யாணம். பழைய அலுவலக நண்பர் வீட்டுப் பெண். மண்டபம் நிறைந்திருந்தது. எனக்கு இப்போது அறுபத்தைந்து. இந்த வயதில் ஆண்களுக்கு வருகிற உபாதை எனக்கும் வந்திருக்கிறது. அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து போக வேண்டும். போக முடியாவிட்டால் மானம் போகும். வீட்டில்கூட யாரிடமும் விவரமாகச் சொன்னதில்லை. கேட்டால் 'உடல்நிலை' என்பேன். நெடுநேரம் வாசலில் தயங்கி நின்றேன், திரும்பிப் போய்விடலாமா என்று.

கடைசி வரிசையில், கதவு ஓரத்து நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். வேறு ஓர் அலுவலகத்தில் சூப்பிரண்டு. தலையில் நரை. பட்டுப்புடவை, மடியில் ஒரு வெந்நீர் பாட்டில். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"வாங்க சார். எப்படி இருக்கீங்க?"

"இருக்கேன் மேடம். உடல்நிலைதான் கொஞ்சம்…"

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு நான் நின்ற இடத்தையும், என் கண் தேடிக்கொண்டிருந்த பக்கத்தையும் பார்த்தார். என்ன உடல்நிலை என்று கேட்கவில்லை. ஒரு நாற்காலி உள்ளே தள்ளி உட்கார்ந்துகொண்டு, ஓரத்து நாற்காலியைக் கையால் தட்டினார்.

"இங்க உக்காருங்க சார். இடது பக்கம் ரெண்டாவது கதவு. பூட்டு இல்ல, தண்ணி வருது. பாத்துட்டுத்தான் உக்காந்தேன்."